கண்டாவளையில் எழுதிய அரியர்

“அண்ணா, கொஞ்சம் நாக்கில வைச்சுப் பாருங்கோ. விழுங்கிப் போடாதேங்கோ, துப்பவேணும்.”

உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தியபடி அந்தப் பெண் நிற்கிறாள். இன்னொரு கையில் தண்ணீரின் உப்பை அளக்கும், பேனா அளவுக்கு ஒரு ஈசி மீட்டர். அவளுக்கு முழங்கால்வரை சேறு. எனக்கும் அதே உயரத்துக்குச் சேறுதான். அவள் இறங்கி நின்று பூசிக்கொண்டது, நான் வரப்பிலிருந்து சறுக்கி விழுந்து பூசிக்கொண்டது. வாய்க்கால் தண்ணீரை வாயில் வைப்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். சுற்றி நின்ற ஏழு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். வைத்தேன், துப்பினேன்.

“மீற்றர் நாலரை எண்டு காட்டுது. உங்கட நாக்கு என்ன சொல்லுது?”

“கரிக்குது.”

“இஞ்ச நாங்கள் சவர் எண்டு சொல்லுவம்” என்றபடி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்: மீற்றர் 4.5. நாக்கு: கரிப்பு, வேதாரண்யம்.

என் நாக்குக்கு ஊர்ப்பெயர் போட்டுப் பதிவு செய்தது அதுதான் முதல் தடவை.

இந்த இடத்தில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும். நான் 2004இல் கல்லூரியில் சேர்ந்தவன். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், எல்லா மாணவர்களுக்கும் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கான பாடத்திட்டத்தை வகுத்து, எந்தப் பட்டப்படிப்பானாலும் இது கட்டாயம் என்று கொண்டுவர 2003 ஆகிவிட்டது. முதல் போணிகளில் எங்கள் செட்டும் ஒன்று. ஐம்பது மணி நேரப் பாடம், அதில் ஐந்து மணி நேரம் களப்பணி. நூறு மதிப்பெண்ணில் களப்பணிக்கு 25. ஆறு, காடு, குளம், ஏதாவது ஓரிடத்துக்குப் போய்ப் பார்த்து எழுதவேண்டும் என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள்.

நாங்கள் போனது ஜெராக்ஸ் கடைக்கு. மூத்த செட்டு அண்ணன் ஒருவர் ஏதோ ஒரு குளத்தைப் பற்றி எழுதிய பழைய நோட்டைப் பிரதியெடுத்து, குளத்தின் பெயரை மட்டும் மாற்றி ஒப்படைத்தோம். எனக்கு 25க்கு 23 வந்தது. கல்லூரியிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் வேதாரண்யம் சதுப்பு. அதன் உப்பளங்களுக்கு நடுவில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். கோடியக்கரையில் வெளிநாட்டுப் பறவைகளுக்கு வளையமிட வடக்கத்தி விஞ்ஞானிகள் வந்து தங்குவார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்த அளவுக்குத்தான் எனக்கும் சூழலியலுக்கும் உறவு. அந்த 23 மதிப்பெண் இருபது வருடமாகத் தொண்டையில் நின்றது. தேறிய பாடத்தில் அரியர் வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோடியக்கரைக்குப் பறவை பார்க்க வந்து பழக்கமான ஒரு விரிவுரையாளர் கிளிநொச்சியிலிருந்து அழைத்தார். “மாசியில பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு கண்டாவளைப் பக்கம் இறங்கிறம். விருப்பமெண்டா வாங்கோ. ஆனா சும்மா பாத்துக்கொண்டு நிக்க விடமாட்டம்.”

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையே அறுபது கிலோமீட்டருக்குள்தான் தூரம். அதைக் கடக்க நான் முதலில் வடக்கே நாகப்பட்டினம் போனேன். நாற்பது வருடம் நின்றுபோயிருந்த கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கி, விட்டு விட்டு நடக்கிறது. நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. குடியேற்ற முத்திரை குத்தும் வரிசையில் நின்றபோது, எங்கள் ஊர்ப் பூநாரைகள் நினைவுக்கு வந்தன. அவை எந்த வரிசையிலும் நிற்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 சாலையில் பஸ். தென்னையும் பனையும் விலகி, இரண்டு பக்கமும் திடீரென்று வெட்டவெளியாகும் இடம் ஆனையிறவு. யுத்தச் செய்திகளில் மட்டுமே அந்தப் பெயரை அறிந்திருந்த எனக்கு, ஜன்னல் வழியே தெரிந்தது வேறொன்று. பாத்திகள், வரப்பு, வெள்ளைக் குவியல். அது எங்கள் ஊர். கண்ணை மூடித் திறந்தால் அகஸ்தியம்பள்ளி உப்பளம். இந்த உப்பை வைத்துத்தான் பக்கத்திலுள்ள பரந்தனில் முன்பு காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை ஓடியது. போர் அதை எலும்புக்கூடாக்கிவிட்டது.

பரந்தன் சந்தியில் இறங்கினேன். இங்கிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் கண்டாவளைப் பிரதேசம் விரிகிறது. அறுவடைக் காலம். வீதியின் ஓரம் முழுக்க நெல் காய்கிறது. பஸ்ஸும் லாரியும் பாதி வீதியை நெல்லுக்கு விட்டுக்கொடுத்து ஓடுகின்றன. சந்தியில் எட்டுப் பிள்ளைகள் ஒரு சிறு வேனில் காத்திருந்தார்கள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அறிவியல்நகர் வளாகத்தில் படிப்பவர்கள். அங்குள்ள விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. போரில் மக்களோடு மக்களாக அதுவும் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பியது. ஒரு பீடமே அகதியாகப் போய்வந்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

வேனில் ஏறியதும் என்னிடம் கொடுத்த முதல் கருவி ஒரு வரைபடமும் சிவப்புப் பேனாவும்.

“தண்ணி இருக்கிற பேரெல்லாத்தையும் வட்டம் போடுங்கோ அண்ணா.”

குளம் என்று முடிகிறவற்றுக்கு வட்டம் போட்டுவிட்டு நீட்டினேன். பின்சீட்டில் சிரிப்பு. முரசுமோட்டையை விட்டுவிட்டேனாம். மோட்டை என்றால் வயலிலோ காட்டிலோ தானாகத் தேங்கும் சிறு குட்டை. புளியம்பொக்கணையையும் விட்டுவிட்டேன். பொக்கணை என்பது நிலத்தில் நீர் நிற்கும் பள்ளம். பங்குனிப் பொங்கலுக்கு வன்னியே திரளும் நாகதம்பிரான் கோயில் இருக்கும் ஊர் அது. விசுவமடுவிலும் இரணைமடுவிலும் மடு இருக்கிறது, ஆழமான நீர்நிலை. இரணை என்றால் இரட்டை. தேறாவில்லில் வரும் வில், மனிதர் வெட்டாமல் இயற்கையாக அமைந்த ஆழமில்லாத ஏரி. குளம், மடு, மோட்டை, பொக்கணை, வில்: ஐந்து விதமாகத் தண்ணீர் நிற்கும் நிலத்துக்கு ஐந்து சொற்கள். நான் வட்டம் போட்டது ஒன்றுக்கு.

“ஊரியான்?” என்று கேட்டேன், கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள.

“அது பிறகு. மண்ணைக் கிண்டேக்க சொல்லுறம்.”

வேன் நின்ற இடத்திலிருந்து கிரவல் பாதையில் நடந்தோம். இந்தப் பயிற்சியின் கேள்வி மிக எளியது: நல்லதண்ணி எங்கே முடிகிறது? வவுனியாப் பக்கத்தில் பிறந்து வடக்கே ஓடிவரும் கனகராயன் ஆறு, இரணைமடுக் குளத்தில் தங்கி, வயல்களுக்குப் பாய்ந்து, மிச்சத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டுகிறது. நெத்தலியாறு, பிரமந்தல் ஆறு, தேறாவில் ஆறு மூன்றும் அதே ஏரிக்குத்தான் போகின்றன. மாரியில் நாலு ஆறும் சேர்ந்து ஏரியை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். கோடையில் ஆறு வற்றும், வெயில் ஏரியைக் காய்ச்சும், தண்ணீர் கடலைவிடவும் உப்பாகும். இந்த இழுபறியின் கோடு கண்டாவளை வயல்களின் கால்மாட்டில் ஓடுகிறது. அந்தக் கோட்டைத்தான் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்க வந்திருந்தார்கள்.

வயலின் உள்ளிருந்து ஏரிக்கரை வரை நேர்கோட்டில் கயிறு பிடித்தோம். குறித்த இடைவெளியில் ஒரு தடி ஊன்றவேண்டும். ஒவ்வொரு தடியிலும் தண்ணீரை அளக்கவேண்டும், மண்ணை எடுக்கவேண்டும், ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் நிற்கும் செடியெல்லாம் எண்ணவேண்டும். கயிற்றின் முனையைப் பிடிக்கும் வேலை எனக்கு. முதல் தடியில் மீட்டர் ஒன்றுக்குக் கீழே காட்டியது. மூன்றாவது தடியில்தான் முன்பு சொன்ன நாலரையும், என் நாக்கும், என் வீழ்ச்சியும்.

“நெல்லுக்கு மூண்டுதான் வரம்பு” என்றான் கண்ணாடி போட்ட ஒரு பையன். மண்ணிலிருந்து பிழிந்தெடுக்கும் சாற்றில் அளவு 3ஐத் தாண்டினால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 12 சதவீதம் போகும். வேளாண் படிப்பவர்கள் உலகெங்கும் மனப்பாடம் செய்யும் கணக்கு இது.

“அப்ப இந்த வயலில் 18 சதவீதம் போச்சா?” நான் உடனே பெருக்கிவிட்டேன்.

“இல்லை அண்ணா. இது வாய்க்கால் தண்ணி. மண்ணைக் கொண்டுபோய் லாப்ல பாக்காமல் ஒண்டும் சொல்லக் கூடாது.”

இருபது வருடத்துக்கு முன் ஜெராக்ஸ் கடையில் இதைச் சொல்ல எனக்கொருவர் இல்லை.

மண் எடுக்கும்போது கைக்கு இன்னொரு பாடம். ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கி நாடாவாகத் தள்ளவேண்டும். மணல் என்றால் நாடாவே வராது. இரண்டு அங்குலம் உடையாமல் நீண்டால் களி. முதல் தடியின் மண் என் விரலில் பாம்புக்குட்டி போல வளைந்து தொங்கியது. ஐந்தாவது தடியில் ஓகர் என்கிற துளைக்கருவியை இறக்கித் தூக்கினால், மண்ணோடு வெள்ளை வெள்ளையாய்ச் சில்லுகள்.

“இதுதான் ஊரி” என்றாள் முன்பு என்னை நாக்கு நீட்ட வைத்தவள். சின்னஞ்சிறு சிப்பி, சங்குத் துண்டுகளுக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். “பேரை வைச்சவைக்கு ஓகர் தேவைப்படேல்ல, பாருங்கோ.”

நாங்கள் வந்த வீதியைப் பற்றியும் அவள்தான் சொன்னாள், மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டே. “2009இல எனக்கு ஆறு வயசு. பரந்தனில இருந்து தர்மபுரம், விசுவமடு எண்டு இந்த றோட்டாலதான் நடந்து போனனாங்கள். ரெண்டு பக்கமும் வயல் இருந்தது எண்டதே எனக்கு ஞாபகம் இல்லை. கம்பஸ் வந்தாப் பிறகுதான் பாத்தனான்.” பொட்டலத்தின் மேல் தடி எண்ணும் தேதியும் எழுதி அடுத்தவனிடம் நீட்டினாள். பேச்சு அத்தோடு முடிந்தது. புறப்படும்முன் விரிவுரையாளர் வைத்த முதல் விதி நினைவுக்கு வந்தது: சனம் நடக்கும் பாதையையும் உழுத வயலையும் விட்டு எங்கும் இறங்கக் கூடாது. மிதிவெடி அகற்றி ஆண்டுகள் ஆனாலும் அந்த விதி மாறவில்லை.

ஐந்தாவது தடிக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் மாடுகளை மறித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “தம்பி இந்தியாவில எவடம்?” என்றார்.

“வேதாரண்யம் ஐயா.”

“வேதாரணியமோ! எங்கட ஆக்கள் முந்தி வள்ளத்தில போய் வாற இடமெல்லே.”

பிறகு மீட்டரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைப் பிடித்திருந்த பையனிடம் கொடுத்தார். “தம்பி, உது இண்டைக்கு உள்ளதைத்தான் சொல்லும். அங்க உமரியைப் பார். அது வருசத்தைச் சொல்லும்.”

அவர் காட்டிய திசையில் தரை நிறம் மாறிக் கிடந்தது. கோரையும் புல்லும் முடிந்து, சதைப்பற்றுள்ள சிவந்த சிறு செடிகள் கம்பளமாக விரியும் தரவை. உமரி, உவர்மண்ணில் மட்டுமே ஊரைக் கூட்டிக்கொண்டு வாழும் செடி. எங்கள் பக்கத்திலும் உண்டு. சின்ன வயதில் பறித்து மென்று துப்பியிருக்கிறேன். அது ஒரு எல்லைக்கல் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. பிள்ளைகள் போன வருடம் உமரியின் விளிம்பில் அடித்துவிட்டுப் போன பனைமட்டைத் தடி இன்னும் நின்றது. இந்த வருட விளிம்பு அந்தத் தடியைத் தாண்டி ஏரிப்பக்கம் பதினாறு அடி விலகியிருந்தது. நானே காலடியால் அளந்தேன்.

“இந்த மாரி மழை வடிவாப் பெய்தது. உப்பு பின்னுக்குப் போட்டுது” என்றார் அவர். “அடுத்த முறை முன்னுக்கு வரும். அது அப்பிடித்தான்.”

மழை என்றதும் பேச்சு 2018 மார்கழிக்குப் போனது. வானம் உடைந்தது போலப் பெய்து, இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட இரவு. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. கண்டாவளைக்குப் பலத்த அடி. “விடிய எழும்பிப் பாத்தா வயலும் இல்லை, வரம்பும் இல்லை. நாலு மாடு போட்டுது எனக்கு. ஆனா ஒண்டு சொல்லுறன். அதுக்குப் பிறகு ரெண்டு போகம் இந்தத் துண்டில உப்பே இல்லை. அழிச்சதும் அதுதான், கழுவினதும் அதுதான்.”

அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பர் 16 அதிகாலையில், எங்கள் ஊரைக் கஜா புயல் அடித்தது. கடலடிச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டுப் போனது. நானும் அதைச் சொன்னேன். ஒரே மாரிகாலத்தில் இந்தக் கரைக்கு நல்லதண்ணி அளவுக்கு மீறி வந்தது, அந்தக் கரைக்கு உப்புச் சேறு. அவர் தலையை ஆட்டினார். குறிப்பேட்டுப் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டாள். மீட்டரில் வராத எண்களுக்கு அவள் நோட்டில் ஒரு தனிப் பத்தி இருந்தது. தலைப்பு: ஆட்கள்.

மத்தியானச் சாப்பாடு தர்மபுரத்தில், ஒரு வீட்டின் முற்றத்தில். சோறு, இறால் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை. பரிமாறிய அம்மா, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி, வெக்கப்படாதீங்க” என்றார். காலையிலிருந்து ‘இஞ்ச’வும் ‘எண்டு’ம் கேட்டுப் பழகிய காது திடுக்கிட்டது. திருச்சிப் பக்கத்துப் பேச்சு அது. தேயிலைத் தோட்டத்திலிருந்து 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அவரது அப்பா குடும்பத்தோடு இறங்கிவந்தாராம். மலையகத்திலிருந்து அப்படி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். தோட்டத்துக்குப் போன பாட்டன் எந்த ஊரிலிருந்து போனார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் நாக்குக்குத் தெரிந்திருந்தது.

அவர் வீட்டுக்கு இரண்டு கிணற்றுத் தண்ணீர். வளவுக் கிணறு குளிக்க, துவைக்க. குடிக்கவும் சமைக்கவும் நாலு வீடு தள்ளி.

“ரெண்டும் பாக்க ஒண்ணா இருக்கே, எப்படித் தெரியும்?” என்றேன்.

“பருப்பு சொல்லிரும். இந்தத் தண்ணியில போட்டா விறகுதான் போகும், பருப்பு வேகாது.”

பிள்ளைகள் இதை ஏற்கெனவே பாடமாக்கிவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடினநீரில் பருப்பு எளிதில் இளகாது என்பது வேதியியல். அவர்கள் செய்தது, வெவ்வேறு வீட்டுக் கிணறுகளின் தண்ணீரில் ஒரே அளவு பருப்பை ஒரே அடுப்பில் ஏற்றி நேரம் குறித்தது. சோதனைக்குழாய்களின் இடத்தில் எட்டு அலுமினியச் சட்டி. “புள்ளைங்க என் அடுப்பங்கரையில ஒரு நாள் முழுக்க உக்காந்திருந்துச்சுங்க” என்று அந்த அம்மா சிரித்தார். “பருப்பு பூராவும் நாங்கதான் தின்னு தீத்தோம்.”

படித்த பிள்ளைகள் இங்கே வந்து மண்ணைப் படிப்பதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. அறுபதுகளில், படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்து விசுவமடுப் பக்கம் குடியேற்றினார்கள். சான்றிதழோடு வந்தவர்கள் மிளகாயும் வெங்காயமும் போட்டு மண்ணைப் படித்தார்கள். அவர்களைக் கையில் மண்வெட்டியோடு நிலத்துக்கு அனுப்பினார்கள். இந்தப் பிள்ளைகள் நோட்டுப்புத்தகத்தோடு வருகிறார்கள். கிணற்றடி இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான்.

சாயங்காலம் ஏரிக்கரை. வெயில் தாழ்ந்து, தண்ணீர் ஈயத்தகடு போலக் கிடந்தது. ஆழமே இல்லை. கால் கிலோமீட்டர் உள்ளே நின்று வீச்சுவலை எறிந்த ஒருவருக்குத் தண்ணீர் தொடைவரைதான். விரிவுரையாளர் கிழக்கே கையை நீட்டினார். ஏரி கடலைத் தொடும் சுண்டிக்குளம் அங்கே. 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இலிருந்து தேசியப் பூங்கா, ஏறத்தாழ 19,500 ஹெக்டேர்.

அங்கே ஒரு தடுப்பு கட்டி, கடலை வெளியே நிறுத்தி, இந்த ஏரி முழுவதையும் நன்னீராக்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் ஐம்பதுகளில் முன்வைத்தது. வற்றாத ஆறே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இங்கிருந்து ஒரு வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோனால், அது குடாநாட்டின் ஆறாகிவிடும். சுண்டிக்குளத்தில் தடுப்பும் எழுந்தது, பின்னாளில் உடைந்தும் போனது. வாய்க்கால் முடிவடையவே இல்லை. ஆனால் அந்தக் கனவை இன்னும் யாராவது ஒருவர் தேர்தலுக்குத் தேர்தல் எடுத்துத் தூசி தட்டுவார்.

“இப்ப சொல்லுங்கோ, கட்டவேணுமோ, வேண்டாமோ?” என்று பிள்ளைகளைக் கேட்டார்.

நான் சாதாரண விவாதத்தை எதிர்பார்த்தேன். கண்ணாடிப் பையன், கட்டவேண்டும் என்றான், காலையில் பார்த்த மூன்றாம் தடியின் வயலுக்காக. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராவதை இன்னொருத்தி சொன்னாள். வலையோடு கரையேறிய மீனவரைப் பார்த்து, “அண்ணை, நன்னீராக்கினா என்ன?” என்று கேட்டார்கள். அவர் கூடையைச் சாய்த்துக் காட்டினார். உள்ளே இறால் துள்ளியது. “இதுகள் எங்க போறது பிள்ளையள்?” பிறகு வானத்தைக் காட்டி, “அதுகளும்” என்றார்.

அதுகள் வந்துகொண்டிருந்தன. முதலில் அடிவானத்தில் ஒரு ரோஜா நிறக் கோடு, பிறகு கோடு உடைந்து புள்ளிகள், புள்ளிகளுக்குக் கழுத்து முளைத்தது. பூநாரை. எங்கள் ஊரில் ஆயிரம் தடவை பார்த்த பறவை. கட்ச் பாலைவனத்து உவர்நிலத்தில் மண்மேடு கட்டி முட்டையிடும் இனம். உப்புத் தண்ணீரின் பாசியிலும் சின்ன இறால் பூச்சியிலும் இருந்துதான் அந்தச் சிவப்பு அதன் சிறகில் ஏறுகிறது. ஏரி இனித்துவிட்டால் இந்த நிறம் இங்கே இறங்காது. தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அலசும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபடி, கட்டவேண்டும் என்ற பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்ர ஓட்டை மாத்தேல்ல. ஆனா இப்ப கஷ்டமா இருக்கு” என்றான்.

எண்ணச் சொன்னார்கள். ஆசியா முழுக்க ஜனவரி தோறும் நீர்ப்பறவைகளை எண்ணும் வழக்கம் 1987இலிருந்து நடக்கிறது, அதற்கான பயிற்சி இது. “பூநாரையா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆயிரம்” என்றேன். அவர்கள் பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அகலத்தைக் கைவிரலால் அளந்து, விரல் அகலத்தைக் கூட்டத்தின் மேல் நகர்த்தி எண்ணினார்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டார்கள். நானூறுக்குக் கொஞ்சம் மேல். பார்த்துப் பழகிய கண் எண்ணவேயில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இருட்டும் நேரத்தில் பரந்தன் சந்திக்குத் திரும்பினோம். ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ. என் 23 மதிப்பெண் கதையை அங்கேதான் சொன்னேன். மதிப்பெண் என்றால் புள்ளி என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அரியர் என்றாலும் புரியவில்லை. “ஓ, றிப்பீட்!” என்று ஒருவன் கண்டுபிடித்துக் கத்தினான். இங்கே ஒரு பாடத்தில் விழுந்தால் அடுத்த வருடம் திரும்ப எழுதுவதற்கு அதுதான் பெயர். கம்பஸ் பிள்ளைகளைத் தூக்கத்தில் எழுப்பும் சொல்.

எனக்கு யாழ்ப்பாண பஸ் வந்தது. குறிப்பேட்டுப் பெண் ஒரு தாளைக் கிழித்து மடித்துக் கையில் வைத்தாள். ஆனையிறவு தாண்டும்போது செல்போன் வெளிச்சத்தில் பிரித்தேன். பரீட்சைத் தாள் போலவே கோடு போட்டிருந்தாள்.

ஊர்ப்பெயரில் தண்ணி: 5க்கு 1.
கயிறு பிடித்தல்: 5க்கு 4. வரம்பில் விழுந்ததற்கு 1 குறைப்பு.
நாக்கு: 5க்கு 5.
மண் நாடா: 5க்கு 3.
பறவை: 5க்கு 0.

கூட்டினால் பதின்மூன்று. அதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு வரி:

“ஒரு வருசத்து அளவீடு அளவீடு இல்லை. உமரித் தடி உங்கட பேரில ஊண்டியிருக்கு. றிப்பீட், அடுத்த மாசி.”